பன்னிரண்டு வாரப் பள்ளிக்கூடம்

அவையோர்க்கு வணக்கம். அமெரிக்காவில் ஆலைகள் பெருகிய காலத்தில்தான் பொதுப்பள்ளிகளும் பெருகின என்று கேட்கும்போது, இரண்டும் கைகோத்து வளர்ந்தன என்ற எண்ணமே நமக்கு எழுகிறது. உண்மையில், ஒரே குழந்தையின் ஒரே பகற்பொழுதுக்காக அவை இரண்டும் போராடின.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லோவல் முதலிய ஊர்களில் நூற்பாலைகள் ஓங்கியிருந்த 1836-ஆம் ஆண்டில், ஆலையில் வேலை செய்யும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆண்டுக்கு மூன்று மாதமாவது பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். எஞ்சிய ஒன்பது மாதங்கள் ஆலைக்கே உரியவை என்பதை அச்சட்டமே ஒப்புக்கொண்டது. 1842-இல் 12 வயது நிரம்பாதவர்களின் வேலைநேரம் நாளொன்றுக்குப் பத்து மணி என வரையறுக்கப்பட்டது; பத்து மணி என்பதே அன்று ஒரு சீர்திருத்தம் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இந்தச் சூழலில்தான், வழக்கறிஞரான ஹொரேஸ் மான் 1837-இல் அம்மாநிலக் கல்வி வாரியத்தின் முதல் செயலாளராகப் பொறுப்பேற்று, ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். 1839-இல் லெக்சிங்டனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிறர் பிள்ளைகளின் படிப்புக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, படித்த தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்வான் என்று ஆலை அதிபர்களின் கருத்துகளையே திரட்டித் தம் ஐந்தாம் ஆண்டறிக்கையில் காட்டினார். கல்வியை இலாபக் கணக்கில் நிறுத்திப் பேசியதில் எனக்கு வருத்தமுண்டு. எனினும், பணம் தர வேண்டியவர்களுக்குப் புரிந்த மொழி அதுவே.

1852-இல், நாட்டிலேயே முதன்முறையாக, அங்கே கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது: 8 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரம் படிக்க வேண்டும், அதில் ஆறு வாரம் இடைவிடாது தொடர வேண்டும். பிற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. உயர்நிலைப் பள்ளிக்கும் வரிப்பணத்தைச் செலவிடலாம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1874-இல் கலமசூ வழக்கில் தீர்ப்பளித்தது.

தெற்கே நிலைமை வேறு. கட்டாயக் கல்விச் சட்டத்தைக் கடைசியாக ஏற்ற மாநிலம் மிசிசிப்பி, ஆண்டு 1918. குழந்தை உழைப்பில் உருவான பொருள்கள் மாநில எல்லை தாண்டுவதைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்ததும் அதே ஆண்டில்தான். அந்த வழக்கைத் தொடுத்தவர், வட கரோலினாவில் பஞ்சாலையில் வேலை செய்த இரு சிறுவர்களின் தந்தை. நாடு முழுமைக்குமான தடை நிலைபெற 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.