வெள்ளத்துல நனைஞ்ச கிரைண்டரா? சுவிட்ச்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

(திரையில்: சமையலறைத் தரையில் சேற்றுத் தண்ணீர், சிங்க்குக்கு அடியில் கிரைண்டர்)

தண்ணி வடிஞ்சாச்சு. கிரைண்டரைத் துடைச்சாச்சு. வெளியில பளபளன்னு இருக்கு. "ஓடுதான்னு ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே"ன்னு கை சுவிட்ச் பக்கம் போகுது பாருங்க... போடாதீங்க! உள்ளே ஈரம் இருந்தா அந்த ஒரு தடவையில மோட்டார் கருகிடும். ஷாக் அடிச்சா ஆளுக்கே ஆபத்து.

வணக்கம் மக்களே. "சிங்கப்பூர்ல ஏது வெள்ளம், நான் பன்னிரண்டாவது மாடி"ன்னு கமெண்ட் போட ரெடியா இருக்கீங்களா? 1978 டிசம்பர்ல ஒரே நாள்ல 512 மில்லிமீட்டர் கொட்டின ஊரு இது. 2010ல ஆர்ச்சர்ட் ரோட்டுலயே தண்ணி. மாடி வீட்டுக்கு மழையே வேணாம், மேல்வீட்டுப் பைப் உடைஞ்சா போதும். வரலாறு அவ்வளவுதான்.

இப்ப பூஞ்சை. ராத்திரி அரைச்சு வச்ச தோசை மாவு, காலையில பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிக்குதுல்ல? ஊர்ல குளிர்காலத்துல மாவு பொங்கலன்னு போர்வை சுத்தி வைப்பாங்க, நமக்கு அந்தக் கவலையே கிடையாது. அந்த வெக்கையும் ஈரக்காத்தும்தான் பூஞ்சைக்கும் விருந்து. நனைஞ்ச சாமான் 24லேர்ந்து 48 மணி நேரம் காயாம கிடந்தா வளர ஆரம்பிச்சிடும். மாவு பொங்கினா நமக்குத் தெரியும். இது மோட்டார் மூடிக்குள்ள சத்தமில்லாம வளருது.

முதல்ல மெயின் சுவிட்சை அணைக்கணும். அந்தப் பெட்டிக்குப் போற வழியில தண்ணி நின்னா கிட்டயே போகாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. லைசென்ஸ் உள்ளவரை! "எங்க மாமாவுக்கு கரண்ட் வேலை தெரியும்" எல்லாம் இன்னைக்கு வேணாம். கரண்ட் கசிஞ்சா சட்டுனு வெட்டுற ஆர்சிசிபி, 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டின சில வீட்டுல இல்லாம இருந்துச்சு. இப்ப எல்லா வீட்டுலயும் கட்டாயம். உங்க வீட்டுல இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் ஈரக் கையோட வீரம் காட்டாதீங்க.

முகத்துக்கு என்95. 2013 புகைமூட்டத்துல வாங்கினது இன்னும் அலமாரியில தூங்கும், அது வேணாம், புதுசு வாங்குங்க. கையில ரப்பர் கிளவ்ஸ். ஜன்னலைத் திறங்க. காஞ்ச பூஞ்சையை பிரஷ்ஷால தேய்க்காதீங்க, விதைத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். நனைச்சுத் துடைங்க.

சரி, நம்ம ஹீரோ கிரைண்டருக்கு வருவோம்.

(திரையில்: கிரைண்டரின் அடிப்பாகம், நெருக்கக் காட்சி)

தூக்க முடியாத கனம், அதனால தரையிலயே வச்சிருப்போம். மோட்டாரோ அடியில. அரை அடி தண்ணி வந்தாலே முதல்ல குளிக்கிறது அதுதான். கல்லைப் பத்திக் கவலையே படாதீங்க. சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு, கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காய வைங்க. அப்புறம் ஒரு கை பச்சரிசி போட்டு ஒரு ஈடு அரைச்சுக் கொட்டிடுங்க. ஆனா அந்த ஈட்டை மோட்டாரை ரிப்பேர்காரர் பார்த்த பிறகுதான் ஓட்டணும். அவர் அடிமூடியைக் கழற்றி, காயிலைக் காய வச்சு, கரண்ட் கசியுதான்னு மீட்டர்ல பார்க்கணும். நனைஞ்ச பெல்ட்டை மாத்திடச் சொல்லுங்க, அதுல போய் கஞ்சத்தனம் எதுக்கு? குழவியைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் இடுக்குலதான் கறுப்பு ஒளிஞ்சிருக்கும். பழைய டூத்பிரஷ் எடுங்க. மாமியார் சீதனமா கொடுத்த கிரைண்டர்னா கூடுதலா ரெண்டு தடவை தேய்ங்க, விசாரணை வரும்.

பிளீச் எவ்வளவு? 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு கப், அதாவது 240 மில்லி. அதுக்கு மேல வேணாம். முதல்ல சோப்பு போட்டு அழுக்கை எடுத்துடணும், அழுக்கு மேல ஊத்தினா பிளீச் வீண். ஸ்டீல்ல ரொம்ப நேரம் விடாதீங்க, அரிச்சிடும். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தா குளோரின் வாயு! பாத்ரூம் ஆசிட்டும் அப்படித்தான். அம்மோனியா கலந்த கிளீனரோடயும் சேர்க்காதீங்க. "ரெண்டையும் கலந்தா டபுள் பவர்"னு வாட்ஸ்அப்ல வந்தா, அனுப்பின சித்தப்பாவுக்கு இந்த வீடியோவை அனுப்புங்க. செத்த பூஞ்சையும் அலர்ஜி கொடுக்கும், அதனால கொன்னா போதாது, துடைச்சு எடுக்கணும்.

மத்ததெல்லாம் வேகமா. ஃபிரிட்ஜ்ல வெள்ளத் தண்ணி பட்ட சாப்பாட்டைக் கொட்டிடுங்க. கதவு ரப்பர் மடிப்பையும் பின்னாடி இருக்கிற தண்ணித் தட்டையும் கழுவுங்க. சுவருக்குள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருந்தா ஃபிரிட்ஜுக்கு டாட்டா சொல்லிடுங்க. வாஷிங் மிஷின்: ரிப்பேர்காரர் சரின்னதும், துணி போடாம பிளீச் ஊத்தி சுடுதண்ணில ஒரு சுத்து. ஏர்கான்: உள்ளே பூஞ்சை இருந்தா ஆன் பண்ணாதீங்க, ரூம் முழுக்க ஊதி விடும். மைக்ரோவேவைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல 2,000 வோல்ட் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கலாம்.

தூக்கிப் போடுறதா முடிவு பண்ணிட்டீங்களா? புது ஃபிரிட்ஜோ வாஷிங் மிஷினோ கடையில வாங்கினா, டெலிவரி பண்ணும்போது பழசை இலவசமா எடுத்துக்கணும், 2021 ஜூலையிலேர்ந்து அப்படித்தான் விதி. காசு கட்டும்போதே சொல்லிடுங்க. லாரி வந்து நிக்கும்போது சொன்னா, தம்பி "லிஸ்ட்ல இல்லக்கா"ன்னுட்டுப் போயிடுவார்.