உதையை யார் வாங்குவது?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகு எஞ்சினுக்கு ஷாஃப்ட் கடைவது, புஷ் போடுவது, கேட்டால் ஸ்பிரிங் சுற்றித் தருவது, இதுதான் பிழைப்பு. ஸ்பிரிங் பற்றிப் பேசச் சொன்னதும் ஒரு பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

போன மாதம் பட்டறைக்கு வந்து செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். "அண்ணே, இந்த பஃபரும் ஸ்பிரிங்கும் செய்து தருவீங்களா?" பார்த்தால் ஏ.ஆர். வகை ரைஃபிளில், தோளில் அணைத்துக்கொள்ளும் கட்டைக்குள் உட்காரும் சாமான். நம் நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதக் கணக்கில்தான் சேரும். உரிமம் இல்லாமல் கடைந்தால் உள்ளே போக வேண்டியதுதான். "நான் சுற்றுகிற கம்பி போதும் தம்பி, எண்ணுகிற கம்பி வேண்டாம்" என்றேன். சிரித்தான். போகவில்லை. "சரி, ஸ்பிரிங்கைக் கெட்டியாகப் போட்டால், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதை குறையுமா?" என்றான்.

இது நல்ல கேள்வி. சாக்பீஸ் எடுத்துத் தரையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். குண்டு 10 கிராம், விநாடிக்கு 800 மீட்டர் வேகம். துப்பாக்கி 4 கிலோ. அப்படியானால் துப்பாக்கி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். மருந்து எரிந்து சீறும் வாயுவையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்த உந்தத்தை எந்த ஸ்பிரிங்காலும் விழுங்க முடியாது. கடைசியில் தோள்தான் வாங்க வேண்டும். சுள்ளென்று விழும் அடியைக் கொஞ்சம் இழுத்து, தள்ளுவதுபோல் ஆக்கலாம், அவ்வளவுதான்.

அந்தத் துப்பாக்கியில் ஸ்பிரிங்கின் முதல் வேலை வேறு. பின்னால் ஓடிவருகிற போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலில் ஏற்றி அடைக்கிற இரும்புத் துண்டை, பிடித்துத் திரும்ப முன்னால் அனுப்ப வேண்டும். பஃபர் உருளைக்குள் சின்ன எடைகள் தளர்வாக ஓடும். போல்ட் முன்னால் போய் மோதித் துள்ளப் பார்க்கும்போது, பிந்தி வரும் எடைகள் இடித்து அதை அமுக்கிவிடும். உள்ளே ஈயக் குண்டு போட்ட சுத்தியல் அடித்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அதே தந்திரம்.

கெட்டியாக்குவது என்பதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. 1.8 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 2 மில்லிமீட்டர் போட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைப்போம். விறைப்பு ஒன்றரை மடங்கு ஏறிவிடும், ஏனென்றால் கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் கணக்காகிறது. இன்னொரு கூத்து, ஸ்பிரிங் இளகட்டும் என்று இரண்டு சுற்றை வெட்டி எறிவார்கள். சுற்று குறைந்தால் விறைப்பு கூடத்தான் செய்யும். நானும் தொழில் பழகும்போது வெட்டியவன்தான், அதனால் சொல்கிறேன். அப்புறம், லேத்தில் சுற்றி முடித்துக் கம்பியை விட்டதும் அது விரிந்துகொள்ளும். எவ்வளவு விரியும் என்பது கைக்குத்தான் தெரியும்.

உதை என்றதும் எனக்குத் தேவனாம்பட்டினம் கோட்டை நினைவுக்கு வருகிறது. 1690-இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி என்று பேச்சு. நாலு திசையிலும் சுட்டுப் பார்த்து எல்லை போட்டார்கள். அப்படி வந்தவைதான் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பேர் இருக்கிறது. குண்டு முன்னால் போய் ஊரைப் பிடித்தது சரி, பீரங்கி? வண்டியோடு பின்னால் உருண்டிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அதைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறிபார்க்க வேண்டும்.

அதற்கு இருநூறு வருஷம் கழித்துத்தான் விடிவு. 1897-இல் பிரெஞ்சுக்காரர்கள் 75 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றைச் செய்தார்கள். வண்டி அசையாது. குழல் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் வழுக்கிப் போகும். எண்ணெய் சின்ன வழியில் பிதுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும், அழுத்திய காற்று குழலைத் திரும்பத் தள்ளும். பழகிய ஆட்கள் நிமிடத்துக்குப் 15 குண்டு சுட்டார்கள்.

ஸ்பிரிங் கடன்காரன் மாதிரி இல்லை, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எண்ணெய் கொடுக்காது, சூடாக்கிக் கரைத்துவிடும். பைக்கில் இருக்கிற ஷாக் அப்சார்பரும் அதே ஜோடிதான், ஒன்று தாங்க, ஒன்று அடக்க.

இதைச் சொல்லும்போதே அந்தப் பையனின் பைக்கைப் பார்த்தேன். முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிந்திருந்தது. அழுத்திவிட்டால் நாலைந்து தரம் துள்ளியது. மத்தியானம் வரை உட்காரவைத்து ஆயில் சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்து அழுத்தினான். ஒரு தரம் எழும்பி நின்றுகொண்டது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, சீலுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.