அப்பா சேர்த்த பழைய தபால்தலைகளுக்கு விலை உண்டா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை நாகர்கோவிலிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். தம் தந்தையார் பள்ளிப் பருவத்தில் சேர்த்த ஸ்டாம்ப் ஆல்பம் ஒன்று வீட்டில் இருப்பதாகவும், காந்தி தபால்தலை கோடிக்கணக்கில் விலைபோனதாக வாட்ஸப்பில் படித்ததாகவும், ஆல்பத்திலும் காந்தி படம் இருப்பதால் அதற்கும் நல்ல விலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்.

வாட்ஸப் செய்தியில் ஓர் உண்மை இருக்கிறது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலைகள் நான்கு: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சான இவற்றில் பத்து ரூபாய்த் தலையை நூறு பிரதிகள் மட்டும் எடுத்து, கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் பயன்பாட்டுக்கென ‘சர்வீஸ்’ என்ற சொல்லை மேலே அச்சிட்டார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ராஜாஜி. அந்த நூறில் நான்கு தலைகள் ஒட்டியபடி இருந்த ஒரு துண்டுதான் 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. ‘சர்வீஸ்’ அச்சு இல்லாத பத்து ரூபாய்த் தலைக்கும் ஆயிரக்கணக்கில் விலை உண்டு. ஆனால் போலிகள் ஏராளமாக உலவுகின்றன. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது பல வண்ணப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் அது பின்னாளில் அச்சடித்த நகல் என்று கொள்ளலாம். ஒன்றரை அணாத் தலையோ அஞ்சல் முத்திரையோடு எங்கும் கிடைப்பது. பிற்காலத்துக் காந்தி தலைகளும் அப்படியே.

பழமை மட்டும் விலையைத் தருவதில்லை. உலகின் முதல் தபால்தலையான, 1840இல் பிரிட்டனில் வெளியான பென்னி பிளாக் ஏறத்தாழ 6.8 கோடி அச்சானது. ஆகவே 180 ஆண்டுகளைத் தாண்டியும் அதன் சாதாரணப் பிரதியை நடுத்தர வருமானமுள்ள சேகரிப்பாளர் இன்றும் வாங்க முடிகிறது. எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றைத் தேடுபவர்கள் எத்தனை பேர் என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. நாசிக்கிலுள்ள அரசு அச்சகத்திலிருந்து கோடிக்கணக்கில் வந்த அன்றாடத் தலைகள், முத்திரை விழுந்து ஆல்பத்தில் ஒட்டப்பட்டிருந்தால், கட்டுக்கட்டாக விற்றாலும் சொற்பத் தொகையே தரும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சிறுவர்களை மயக்கிய ஷார்ஜா, அஜ்மான், ஃபுஜைரா ஆகிய அரபுச் சிற்றரசுகளின் பெரிய வண்ணத் தலைகளில் பெரும்பாலானவை சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே அச்சடித்து, முத்திரையும் அச்சிலேயே குத்தப்பட்டவை. அவற்றுக்கு அநேகமாக விலையே இல்லை. விலைப் பட்டியல்களில் காணும் குறைந்தபட்சத் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம்: அது ஒரு தலையை எடுத்துக் கொடுப்பதற்கு வியாபாரி வாங்கும் கூலியே தவிர, அவர் நமக்குத் தரும் விலை அன்று.

ஆனால் இந்த நேயரின் ஊரை எண்ணும்போது ஒன்றை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியாகவும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்தது; அங்கே ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால்துறை 1951 வரை இயங்கியது. சங்கு பொறித்த அதன் தலைகள் தனியாகக் கிடைத்தால் பெரும்பாலும் மலிவானவையே. ஆனால் அதே தலை, ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாகத் தெரியும் முத்திரையோடு, எழுதிய உறையிலேயே இருந்தால் அதன் மதிப்பு வேறு. சிறிய ஊரின் முத்திரையாக இருந்தால் அதற்கென்றே தேடி வருபவர்கள் உண்டு. ஆகவே பழைய கடிதக் கட்டுகள், அஞ்சல் அட்டைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தலையைக் கத்தரித்து எடுக்க வேண்டாம், நீரில் ஊறவைத்துப் பிரிக்கவும் வேண்டாம். அப்படிப் பிரிக்கப்பட்ட உறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஓர் ஊரின் தபால் வரலாற்றுக்கு எஞ்சியிருந்த சான்று அதோடு போய்விடுகிறது.

ஆல்பத்தைப் பொறுத்தவரை, 1947 நவம்பர் 21 அன்று வந்த ‘ஜெய் ஹிந்த்’ மூன்றரை அணாக் கொடித் தலை முதல் ஐம்பதுகளின் சிறப்புத் தலைகள் வரை முத்திரை விழாதவை இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். 1952இல் கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாஸ், காலிப், தாகூர் ஆகியோருக்கு வெளியிட்ட ஆறு தலைகளும் முத்திரையின்றி, பின்புறப் பசை கெடாமல் இருந்தால் அந்தத் தொகுப்புக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். நம் கடற்கரை ஈரக்காற்றில் பசை பழுப்பேறியிருந்தாலோ, ஓரப் பல் ஒன்று முறிந்திருந்தாலோ விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தலைகளை விரலால் தொடாமல் முனை தட்டையான இடுக்கியால் எடுங்கள். செல்லோடேப் ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்க முயல வேண்டாம்.

தலைமை அஞ்சலகங்களில் உள்ள தபால்தலை சேகரிப்புப் பிரிவு புதிய வெளியீடுகளை விற்கும் இடம். பழையவற்றை அங்கே வாங்குவதில்லை. விற்க விரும்பினால், முழு ஆல்பத்தையும் ஒன்றுக்கு இரண்டு வியாபாரிகளிடம் காட்டி விலை கேளுங்கள். நான்கைந்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ள எவரையும் முதல் நாளே அனுமதிக்காதீர்கள். அந்தக் காந்தி தலையின் மதிப்பு என்ன என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பினால் அது எந்த ஆண்டு வெளியீடு என்று சொல்கிறேன்.