டோக்கன் பலகை முன் நின்ற பொறியாளர்

(எண்ணூரில் நடந்த படத்திறப்பு நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, படத்தைத் திறந்து வைத்த முன்னாள் தலைமைப் பொறியாளர் அவர்களே, வேலை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம் ஊர்ப் பெரியவர்களே, அத்திப்பட்டிலிருந்து ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்து சுவரோரம் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் அம்மா அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். இரவு ஷிப்டு முடித்து வந்த எங்களில் பல பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். மண்டபத்துக்கு வாடகை வாங்க மாட்டேன் என்று சொன்ன ஊர் நிர்வாகத்துக்கும், மைக்செட் தம்பிக்கும் நன்றி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நாம் படம் திறந்திருக்கும் ஐயாவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்தேன். எண்ணூர் அனல் மின் நிலையத்துப் பொறியாளராக அவர் எப்படி, ஆசானாக அவர் எப்படி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றியூர்க் கோயில் மண்டபத்தில் தேவாரம் கேட்க உட்கார்ந்த மனிதராக அவர் எப்படி என்று.

முதலில் ஒரு பழமொழி. ஆழம் தெரியாமல் காலை விடாதே. என்னோடு வேலை பார்த்தவர்கள் இதை என் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். நம் முகத்துவாரத்தில் இறங்கி மீன் பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்த இடத்தில் நேற்று இடுப்பளவு இருந்த தண்ணீர் இன்று ஆளை முழுங்கும். மணல் திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். நிலக்கரியை எரித்து நீராவி உண்டாக்கும் பாய்லரும் அப்படித்தான் என்று ஐயா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இளைஞர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 210 மெகாவாட் மின்சாரம் தரும் யூனிட் ஒன்றின் பாய்லர் மணிக்கு ஏறத்தாழ 700 டன் நீராவியைத் தரும். அந்த நீராவியின் வெப்பம் 540 டிகிரி செல்சியஸ் வரை போகும். நாளொன்றுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். நம் நாட்டு நிலக்கரி நூறு டன் எரிந்தால் முப்பத்தைந்து, நாற்பது டன் சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பல் நம் ஆற்றை என்ன செய்தது என்பது தனிக் கதை. உள்ளே ஒரு குழாயில் சின்னதாகக் கசிவு வந்தாலும் யூனிட்டை நிறுத்தி, ஆற வைத்து, சாரம் கட்டி, ஆள் உள்ளே போய்த்தான் வெல்டிங் வைக்க வேண்டும். மனிதன் நுழைய ஒரு சின்னக் கதவு. வேலை முடிந்ததும் அதை மூடி, எண்ணெய் பீய்ச்சும் ஆயில் கன் போட்டு லைட்-அப் செய்வார்கள், அதாவது நெருப்பு மூட்டுவார்கள். மூடிய பிறகு உள்ளே இருப்பது நெருப்பு.

அதனால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை ஐயா மாட்டி வைத்தார். வரிசையாகக் கொக்கிகள். உள்ளே போகிறவன் தன் பித்தளை டோக்கனைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். இன்ஜினியருக்கும் அதே சட்டம்தான், ஹெல்பருக்கும் அதே சட்டம்தான்.

எழுபதுகளின் கடைசி. பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவை மூட வேண்டும், மாலைக்குள் லைட்-அப். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். வேலை முடிந்து எல்லோரும் வெளியே வந்தாயிற்று. போல்ட் முடுக்க ஸ்பானரோடு ஆள் நிற்கிறான். ஐயா பலகையைப் பார்க்கிறார். ஒரு டோக்கன் தொங்குகிறது.

யாருடையது? எர்ணாவூர்க்காரப் பையன் ஒருவனுடையது. "அவன் அப்பவே போய்ட்டான் சார், எடுக்க மறந்திருப்பான்" என்றார் சூப்பர்வைசர். "போனதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று ஐயா கேட்டார். பதில் இல்லை. உடனே 24 வோல்ட் கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போனார். மூடிய இடத்துக்குள் அதற்கு மேற்பட்ட வோல்டேஜ் விளக்கு போகக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அதில் அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. மேலே தண்ணீரைச் சூடாக்கும் எகானமைசர் பக்கம், கீழே சாம்பல் விழும் ஹாப்பர், காற்று போகும் டக்ட் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஆள் இல்லை. "அப்போ மூடலாம் சார்" என்றார்கள். "ஆளைப் பார்க்காம மூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எர்ணாவூருக்கு ஒருவனைச் சைக்கிளில் விரட்டினோம். வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டம்மா சொன்னார்களாம், "அவங்க அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து, எல்லாரும் திருவொற்றியூர் போயிருக்காங்க" என்று. சைக்கிள் திருவொற்றியூருக்குத் திரும்பியது. அங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கிறான் நம்ம ஆள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குழந்தைக்குக் காது குத்துவார்கள்? இவன் லீவு கேட்டிருக்கிறான், சூப்பர்வைசர் தரவில்லை. மாமன் இல்லாமல் எப்படி? நைசாக நழுவிவிட்டான். போன அவசரத்தில் டோக்கன் நின்றுவிட்டது.

சைக்கிள் கேரியரில் அவனை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். மணி நாலு. ஷிப்டே கூடி நிற்கிறது. அத்தனை பேருக்கும் அவன் மேல் கோபம். அவனுக்கோ நடுக்கம். ஐயா ஸ்டூலை விட்டு எழுந்தார். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். "பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்துட்டேன் சார்" என்றான். "சரி, உன் டோக்கனை நீயே எடு" என்றார். எடுத்தான். அதற்கப்புறம்தான் கதவை மூடினோம். நாலு மணி நேரத் தாமதத்துக்கு மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் எழுதிய பதில் ஒரே வரி: பலகையில் ஒரு டோக்கன் இருந்தது. அந்தப் பையனுக்குத் தண்டனை கிடையாது. தாய்மாமனுக்கு லீவு மறுக்கக் கூடாது என்று சூப்பர்வைசருக்குத்தான் புத்தி சொன்னார்.

கைதட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கதையை நான் இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு.

இன்று நம்மைச் சுற்றி நடக்கும் கட்டுமானங்களில், யார்டுகளில் உள்ளே போகிறவர்களைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர், அவருக்கும் கீழே ஆள் கூட்டி வரும் ஒருவர். தொழிலாளி அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் திட்டக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் அசாம்காரர்கள். நெய்வேலியில் 2020ஆம் ஆண்டு மே மாதமும் ஜூலை மாதமும் பாய்லர் விபத்து நடந்தது. அங்கேயும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்று ஐயா எர்ணாவூருக்குச் சைக்கிள் அனுப்பினார். இன்று கொக்கியில் ஒரு டோக்கன் மிஞ்சினால், அந்தப் பையனைத் தேடி அசாமுக்கு யார் போவது?

ஆகவே நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு வாசலிலும், ஒவ்வொரு ஷிப்டுக்கும், உள்ளே போனவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியே தெரியும்படி தொங்க வேண்டும். பெயர், ஊர், எந்த ஒப்பந்தக்காரரின் ஆள், வீட்டில் யாருக்குப் போன் செய்வது. அவனுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்க வேண்டும். நகல் ஒன்று தீயணைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது 1970இல். பதிவேடு வைக்க வேண்டும் என்று அதிலேயே இருந்தது. பதிவேடு ஒப்பந்தக்காரரின் பீரோவுக்குள் இருந்தால் நெருப்புப் பிடிக்கும் நேரத்தில் யாருக்கு என்ன பயன்?

அதெல்லாம் நடக்குமா என்று நினைக்காதீர்கள். இது வடசென்னை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அன்று நின்ற மண் இது. 1923இல் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியதும் இந்த நகரத்துக் கடற்கரையில்தான்.

ஆசானாக அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். புதிதாக வரும் இன்ஜினியரைக் கன்ட்ரோல் ரூம் பக்கமே விட மாட்டார். முதலில் நிலக்கரி யார்டு, அப்புறம் கன்வேயர், அப்புறம் சாம்பல் பம்ப். பேரிங் சூட்டைக் கையால் தொட்டுச் சொல்லத் தெரிந்த பிறகுதான் மீட்டர் முன்னால் உட்கார வைப்பார். நானும் அப்படி வந்தவன்தான். இங்கே இளம் பொறியாளர்கள் சிலர் இருக்கிறீர்கள். ஆட்கள் உள்ளே இறங்க அனுமதி தரும் வேலை பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள். உள்ளே போய்ப் பார்க்காமல், காற்றைச் சோதிக்காமல், யார் யார் இறங்குகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்கிறார்கள். பெர்மிட்டில் நீங்கள் விடுவது இன்னொருவனின் கால் அல்லவா?

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். தேவாரம் பற்றிப் பேச நேரம் இல்லை. அம்மா மன்னிக்க வேண்டும்.

450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பலகையும் போய்விட்டது. ஐயாவுக்குச் சிலை வைக்கலாம், தெருவுக்குப் பெயர் வைக்கலாம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். எனக்கு மறுப்பில்லை. அதற்கு முன்னால், வாசல் பக்கம் மேசையில் ஒரு மனு இருக்கிறது. வாசலில் பெயர்ப் பட்டியல் கேட்டு தொழிலாளர் துறைக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் அனுப்பப் போகிறோம். தமிழிலும் இந்தியிலும் அசாமிய மொழியிலும் எழுதியிருக்கிறோம். ஒடியாவில் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சுவரோரம் நிற்கும் தோழர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும், அவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.