சீட்டை உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

வணக்கம் நேயர்களே. ஜீப் மாதிரி வண்டிகளைக் கல்லிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் எஞ்சினைப் பற்றிப் பேசுவோம், டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். வழி முழுக்க நம்மைத் தாங்கிக்கொண்டு வருகிற சீட்டைப் பற்றிய பேச்சு மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. ஒரு நாள் முழுக்கக் குழியும் மேடுமான பாதையில் ஓட்டிவிட்டு இறங்கினால் நிமிர முடியவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அடுத்த வாரமே புது சீட் வாங்கினேன். கையால் அமுக்கினால் விரல் புதைகிற அளவுக்கு மெத்தென்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது, அப்புறம் பழைய சீட்டே தேவலை என்று ஆகிவிட்டது.

ஏன் அப்படி? ரொம்ப மிருதுவான ஃபோம் நாம் உட்கார்ந்தவுடனேயே பெரும்பாலும் அமுங்கிவிடுகிறது. சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழும்போது மிச்சமும் அமுங்கி, நம் உட்காரும் எலும்பு நேராக அடித்தகட்டில் போய் இடிக்கிறது. அந்த இடி முதுகெலும்புக்குத்தான் போகும். இன்னொன்றும் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும் உடம்பு மேலும் கீழுமாகக் குலுங்கும்போது, வினாடிக்கு ஏறக்குறைய 4 முதல் 8 தடவை வருகிற குலுக்கல்தான் நம்மை அதிகம் வாட்டும்; உடல் அதிர்வை அளக்கிற ஐஎஸ்ஓ 2631 தரநிலையிலும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக முக்கியத்துவம். சாதாரண ஃபோம் சீட்டில் ஒருவர் உட்கார்ந்தால், சீட்டும் ஆளும் சேர்ந்து ஆடுகிற இயல்பான வேகமும் வினாடிக்கு 4 தடவையை ஒட்டியே வருகிறது. அதாவது, வெறும் ஃபோம் சில குலுக்கலைக் குறைக்காமல் கூட்டியும் விடும்.

அதனால்தான் டிராக்டரிலும் பெரிய லாரியிலும் சீட்டுக்கு அடியிலேயே ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ வைத்து, கூடவே ஆட்டத்தை அடக்குகிற ஒரு டேம்பரும் வைக்கிறார்கள். இந்த சஸ்பென்ஷன் சீட் இன்னும் மெதுவாக, வினாடிக்கு 2 தடவை அல்லது அதற்கும் குறைவாக ஆடும்படி அமைந்தது, அதனால் வாட்டுகிற குலுக்கலில் நிறைய நம்மிடம் வந்து சேருவதில்லை. இடம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதற்கு உயரம் வேண்டும், மேலே போகும்போது தலை கூரையில் இடிக்கக் கூடாது, அதை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். சீட்டில் எடைக்கென்று இருக்கிற திருகை உங்கள் எடைக்கு ஏற்றபடி வைக்கவும் வேண்டும். எடை சரியாக வைக்காத சஸ்பென்ஷன் சீட் ஒவ்வொரு பெரிய குழியிலும் கடைசி வரை போய் டொக்கென்று முட்டும், அது சாதாரண சீட்டை விட மோசம்.

உயரம் இல்லையென்றால், ஃபோமுக்கு அடியில் தகட்டுக்குப் பதிலாக இழுபடும் பட்டைகளோ வலையோ கட்டிய சீட்டுகள் இருக்கின்றன, அவையும் நல்லவை.

குழியில் விழுவது மட்டும் பிரச்சினை இல்லை. பாறை மேல் மெதுவாக ஏறும்போது வண்டி இடமும் வலமுமாகச் சாயும், நாம் விழாமல் இருக்க இடுப்புத் தசை நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மாலையில் வருகிற வலியில் நிறைய அந்த இழுப்பினால் வருவதுதான். எனவே விலாவையும் இடுப்பையும் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கிற சீட்டாகப் பாருங்கள். தொடைப் பக்கத்து மேடு மட்டும் தாழ்வாக இருக்கட்டும். பந்தய பக்கெட் சீட் மாதிரி அது உயரமாக இருந்தால், இந்த உயரமான வண்டியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் தொடை உரசும், கிளட்ச் மிதிக்கவும் தடுக்கும்.

முழங்காலுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் நுழைகிற இடைவெளி வேண்டும், தொடை முக்கால்வாசி தாங்கியிருக்க வேண்டும், முதுகு சாய்ந்தபடியே ஸ்டியரிங் எட்ட வேண்டும். பின் பாக்கெட்டில் இருக்கிற பர்ஸை எடுத்துவிட்டு, ஓட்டும்போது போடுகிற அதே ஷூவோடு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

துணி விஷயம் எளிது: திறந்த வண்டிக்குத் தண்ணீர் இறங்காத ரெக்சின், மூடிய வண்டிக்குக் காற்று போகிற துணி.

சீட்டை மாற்றுமுன் இதைக் கட்டாயம் பாருங்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும், பெல்ட் மாட்டும் கொக்கியும் சீட்டிலேயே பொருத்தியிருக்கும். அந்த சீட்டைக் கழற்றினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சீட்டை வண்டித் தரையோடு பிணைக்கிற தாங்கியை யாரோ இரும்புப் பட்டை வளைத்து வெல்டு வைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வண்டிக்கென்று சோதித்துச் செய்த தாங்கியையே கேளுங்கள். விபத்தில் சீட்டைப் பிடித்து வைப்பது அந்தத் தாங்கியும் அதன் போல்ட்டுகளும்தான்.

சரி, எல்லாருக்கும் புது சீட் தேவையா? இல்லை. என் பழைய சீட்டின் உறையைப் பிறகு ஒரு நாள் கழற்றிப் பார்த்தேன். கதவுப் பக்கத்து ஃபோம் மஞ்சள் பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டியது, அடியில் இருந்த ரப்பர் பட்டைகளில் இரண்டு கொக்கியிலிருந்து அறுந்து தொங்கின. நான் அத்தனை நாள் கோணலாக உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்! பட்டைகளை மாற்றி, கெட்டியான ஃபோமை அடியிலும் சற்று மிருதுவானதை அதன் மேலும் வைத்துத் தைத்ததில் அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. உங்கள் சீட்டின் நடுவில் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். அடித்தகடு தட்டுப்பட்டால் முதலில் உறையைக் கழற்றுங்கள்.

அந்தப் பழைய சீட் இப்போது பக்கத்து இருக்கையாக இருக்கிறது, என் மனைவி அதில்தான் வருகிறார். அவர் உயரம் குறைவு, சீட்டின் முன் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று போன பயணத்தில் சொன்னார். அதை இரண்டு அங்குலம் குறைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். வணக்கம்.