எழுவான்கரையும் படுவான்கரையும்: கூர்ப்பு என்னும் பாடத்துக்காக ஓர் உரை

(மட்டக்களப்பு நகரில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

வாவிக்குக் கிழக்கே உள்ள நிலத்தை எழுவான்கரை என்றும் மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் பெயரிட்டார்கள். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை. பூமிதான் சுழல்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்துவிட்ட இந்நாளிலும் அப்பெயர்களை மாற்றுங்கள் என்று எந்த விஞ்ஞான ஆசிரியரும் கேட்டதில்லை. ஊர்ப்பெயரில் ஞாயிறு எழுகிறது, ஆகவே பாடநூலிலும் அப்படியே எழுதுங்கள் என்று எந்தப் பெரியவரும் வழக்காடியதில்லை. ஒரு சொல் கவிதையாகவும் நினைவாகவும் வாழ்வது வேறு, ஒரு கூற்று சோதனைக்கு உட்பட்டு நிலைப்பது வேறு என்பதை எமது மக்கள் யாரும் சொல்லித்தராமலே அறிந்திருக்கிறார்கள். ஞாயிற்றின் விடயத்தில் இத்தனை தெளிவாக இருக்கும் நாம், உயிர்களின் விடயம், அதாவது கூர்ப்பு என்னும் பரிணாமம், வரும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறோம் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் உயர்தரத்தில் உயிரியல் கற்ற காலத்தில் எமக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம், பாடசாலையும் வேண்டாம். இதயம் இயங்கும் விதத்தை அவர் கரும்பலகையில் வரைந்து விளக்கினால் எம் நெஞ்சுத் துடிப்பு எமக்கே கேட்கும். அப்படிப்பட்டவர் கூர்ப்பு என்ற அத்தியாயத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "இதைப் பரீட்சைக்காக எழுதுங்கள், மனத்தில் வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, ஒரே பாடவேளையில் குறிப்பை வாசித்து முடித்துவிட்டார். பின்னர் நானும் ஆசிரியனாகி, பல ஆசிரியர் அறைகளில் அமர்ந்தபோது, இதே வாசகத்தைச் சைவரிடமும் கேட்டேன், கிறிஸ்தவரிடமும் கேட்டேன், முஸ்லிம் நண்பரிடமும் கேட்டேன். சமய ஒற்றுமைக்காக எத்தனையோ குழுக்கள் அமைத்தும் கைகூடாத ஒற்றுமை, டார்வின் என்ற ஒருவரை ஓரங்கட்டும் காரியத்தில் மட்டும் எமக்குக் கைகூடிவிட்டது.

டார்வின் சொன்னது என்ன? 1858ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி இலண்டன் லினேயன் சங்கத்தில் டார்வினுடைய குறிப்புகளும் வாலஸ் என்ற இன்னோர் இயற்கை ஆய்வாளர் எழுதிய கட்டுரையும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது. ஓர் இனத்துக்குள்ளே பிறக்கும் உயிர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேறுபாடுகளிற் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்கின்றன. பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. எவற்றின் வேறுபாடு அவ்விடத்தில் பிழைப்பதற்கு உதவுகிறதோ அவற்றின் சந்ததி பெருகுகிறது. இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர். இது நெடுங்காலம் நடந்தால் இனங்களே மாறிக் கிளைவிடும். இன்றிருக்கும் குரங்கு மனிதனாக மாறியது என்று இதில் எங்கும் இல்லை. அதற்கும் எமக்கும் வெகு தொலைவில் ஒரு பொது மூதாதை இருந்தது என்பதே கூற்று.

"மாறியதை யார் கண்டது?" என்று கேட்கிறார்கள். 2018இல் இந்தியாவில் மத்திய இணை அமைச்சர் ஒருவரே பொதுமேடையில் இதைக் கேட்டார். நான் அவரைப் படுவான்கரைக்கு அழைத்துச் சென்று ஒரு வயல் வரம்பில் நிறுத்தியிருப்பேன்.

நெற்சப்பி என்ற களையை இங்குள்ள விவசாயிகளுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நாற்றுப் பருவத்தில் அதன் சில வகைகளை நெல்லிலிருந்து பிரித்தறிவதற்குப் பழகிய கண்ணும் திணறும். அந்தப் புல்லுக்கு நெல்லைப் பார்த்து நடிக்கும் அறிவு ஏது? நெல் விளையும் நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைகளால் களை பிடுங்கினார்கள். நெல்லைப் போலத் தோன்றாதது கண்ணிற் பட்டது, பிடுங்கப்பட்டது. சற்றே நெல்லை ஒத்திருந்தது தப்பியது, விதை உதிர்த்தது. நூற்றுக்கணக்கான போகங்கள் இவ்வாறு கழிந்தபோது, களை பிடுங்கிய கையே தனக்குத் தெரியாமல் நெல்லின் வேடமிட்ட களையை உருவாக்கிவிட்டது. டார்வினை மறுக்கும் விவசாயியும் அரிவாளைக் கீழே வைக்காமல் டார்வினுடைய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அறக்கொட்டியின் கதை இன்னும் கூர்மையானது. பாடநூல் கபிலநிறத் தத்தி என்று சொல்லும் அப்பூச்சி பச்சை வயலை இரண்டொரு வாரங்களில் தீய்ந்த வைக்கோலாக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் ஐ.ஆர். 26 என்ற நெல்லினத்தை வெளியிட்டது. அதில் அறக்கொட்டியை எதிர்க்கும் ஒரு பரம்பரையலகு (மரபணு) இருந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்நெல்லையும் உறிஞ்சி வாழவல்ல அறக்கொட்டிகள் பெருகிவிட்டன. பூச்சி யோசித்து உபாயம் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வேறுபாடுகளுள் எது அந்நெல்லைத் தாங்கியதோ அதன் குஞ்சுகளே எஞ்சின. பின்னர் வேறொரு எதிர்ப்புப் பரம்பரையலகு தேவைப்பட்டபோது அது எங்கே கிடைத்தது தெரியுமா? எமது நாட்டு ரத்து ஹீனடி என்ற பழைய நெல்லில். இந்தத் தீவின் வயல்களில் பூச்சியும் பயிரும் காலங்காலமாக ஒன்றையொன்று தேர்ந்தெடுத்து வந்ததன் விளைவாக அந்நெல்லில் சேர்ந்திருந்த குணம், 1980களில் உலகின் புதிய நெல்லினங்களுக்குள் புகுத்தப்பட்டது. கூர்ப்பை அறியாத ஒருவர் இதில் எந்த அடியையும் எடுத்து வைத்திருக்க முடியாது. அந்த அத்தியாயத்தைப் பரீட்சைக்கு மட்டும் என்று ஒதுக்கும்போது, நாளைக்கு விவசாய விஞ்ஞானியாக வரவேண்டிய பிள்ளையிடமிருந்து நாம் பறிப்பது ஒரு நம்பிக்கையை அன்று, ஒரு கருவியை.

வயலை விட்டு வீட்டுக்கு வருவோம். தேசிக்காயும் நெல்லிக்காயும் நமக்கு ஏன் தேவை? விற்றமின் சி என்ற பொருளை எம் உடல் ஆக்காது. முற்றத்தில் நிற்கும் ஆடு ஆக்கிக்கொள்கிறது, நாயும் ஆக்கிக்கொள்கிறது. அதை ஆக்கும் பரம்பரையலகு எம்மிடம் இல்லாமலில்லை, பழுதடைந்து கிடக்கிறது. அது சிம்பன்சியிடத்திலும் பழுதடைந்திருக்கிறது, எம் காடுகளின் செங்குரங்கு சேர்ந்த குரங்கினத் தொகுதியிலும் பழுதடைந்திருக்கிறது. கினிப்பன்றியிலும் அது கெட்டுத்தான் இருக்கிறது, ஆயினும் அது வேறு விதமாகக் கெட்டது. இரண்டு மாணவர் சரியான விடையை ஒன்றுபோல் எழுதினால் இருவரும் படித்திருக்கலாம்; ஒரே பிழையை ஒரே இடத்தில் எழுதினால் பரீட்சகர் என்ன நினைப்பார் என்பதை ஆசிரியர்களாகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, எம்மிடையே, உயிர்கள் இன்றுள்ளபடியே படைக்கப்பட்டன என்னும் படைப்புவாதம் எப்போதும் மறுப்பின் உருவில் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இது எங்கள் நூலில் முன்பே இருக்கிறது" என்ற பெருமையின் உருவிலும் அது வருகிறது. மாணிக்கவாசகர் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று பாடியதைக் கூர்ப்புக் கொள்கை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அவ்வடிகளைத் தொடர்ந்து பாடிப் பாருங்கள்: பறவைக்குப் பின் பாம்பு, பாம்புக்குப் பின் கல், கல்லுக்குப் பின் மனிதர், மனிதருக்குப் பின் பேய். டார்வினிடம் பேய் இல்லை. அது உயிரினங்களின் வரலாறு அன்று. "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்று ஓர் ஆன்மா தன் களைப்பை இறைவனிடம் முறையிடுவது. அதை உயிரியல் குறிப்பாக்கினால் உயிரியலும் தவறாகிவிடும், பாட்டின் கண்ணீரும் வற்றிவிடும். அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமா என்னும் நூலில் தாதுக்கள், தாவரங்கள், விலங்குகள், குரங்குகள், மனிதர் என்று படிநிலை சொல்லும் இடத்துக்கும் இது பொருந்தும். அது ஒரு பேரறிஞரின் ஆழ்ந்த சிந்தனை. இயற்கைத் தேர்வு அதில் இல்லை. முன்னோரை மதிக்கிறவர், அவர்கள் சொன்னதைச் சொன்னபடி படிப்பார்.

சமயமும் கூர்ப்பும் ஒரு நெஞ்சில் சேர்ந்திருக்க இயலாது என்று நான் சொல்ல வரவில்லை. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் பாப்பரசின் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டார். காரைதீவில் பிறந்து இந்நகரின் பாடசாலைகளில் படித்த எங்கள் விபுலாநந்த அடிகள், துறவு பூணுவதற்கு முன் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவர். தமிழிலே விஞ்ஞானம் சொல்லக் கலைச்சொற்கள் வேண்டும் என்று உழைத்தவரும் அவரே. காவி அணிந்த ஒருவர் இரசாயனக் குடுவையைக் கண்டு அஞ்சவில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? ஒரு சமயத்தின் நம்பிக்கை அரசின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்குள் நுழையும்போதுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1925இல் மனிதனின் கூர்ப்பை அரச பாடசாலைகளில் கற்பிப்பதைத் தடைசெய்து, அதைக் கற்பித்ததாக ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதித்தது. காலம் மாறியது, 1987இல் அந்நாட்டின் உயர் நீதிமன்று, படைப்பு விஞ்ஞானத்தைக் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் செல்லாது என்றது. உடனே பெயர் மாறியது. "அறிவார்ந்த வடிவமைப்பு" என்ற புதுச் சட்டையுடன் அது பென்சில்வேனியாவின் டோவர் என்ற சிற்றூருக்கு வந்தபோது, பதினொரு பெற்றோர் நீதிமன்று சென்றார்கள். அங்கே ஒரு பாடநூலின் பழைய கையெழுத்துப் படிகள் சான்றாக வந்தன. 1987க்குப் பின் "படைப்புவாதிகள்" என்ற சொல்லை நீக்கி "வடிவமைப்பை ஆதரிப்போர்" என்று மாற்றியிருக்கிறார்கள். அவசரத்தில் ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் புதுச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. களவு போன மாட்டின் பழைய குறிசூடு தெரிந்ததுபோல! 2005 டிசம்பரில், குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நியமித்த நீதிபதியே, இது விஞ்ஞானம் அன்று, சமயம் என்று தீர்ப்பளித்தார். பெற்றோர் தரப்பின் முதன்மை நிபுணர் சாட்சி கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொலைவில் நடந்தது என்று ஆறுதல் கொள்ள முடியாது. துருக்கி 2017இல் உயர்நிலைப் பாடத்திட்டத்திலிருந்து கூர்ப்பை நீக்கியது. இந்தியாவில் 2023இல் பத்தாம் வகுப்புப் பாடநூலில் "பாரம்பரியமும் பரிணாமமும்" என்ற அத்தியாயம் "பாரம்பரியம்" என்று சுருங்கியபோது, 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு எதிர்த்தார்கள். எம் நாட்டில் அத்தியாயம் நூலில் இருக்கிறது. அதை நீக்கச் சட்டம் வேண்டியதில்லை. தாழ்த்திய குரல் ஒன்றே போதும்.

மதச்சார்பின்மை என்பது மதத்தை மறுப்பது என்று இங்கு பலர் எண்ணுகிறார்கள். நான் அதை இப்படிப் பார்க்கிறேன். க.பொ.த. சாதாரண தரத்தில் சமயத்துக்குப் பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஐந்து பாடங்கள் உள்ளன. விஞ்ஞானம் ஒன்றுதான். பல சமயப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குப் போகும்; விஞ்ஞானத்துக்கு மணி அடித்ததும் திரும்பி வந்து ஒரே வாங்கில் அமரும். பாடசாலைகளே தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பிரிந்திருக்கும் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் அந்த ஒரே வினாத்தாள்தான் எம் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் சிலவற்றுள் ஒன்று. அந்த அறைக்குள் படைப்பை அழைத்து வருவோம் என்றால், யாருடைய படைப்பை? ஆதியாகமத்தின் ஆறு நாள்களையா, பிரமனுடைய கற்பங்களையா? எதைத் தேர்ந்தாலும் அந்த வாங்கிலிருந்து சில பிள்ளைகள் எழுந்து போகவேண்டி வரும்.

இன்னுமொன்று. இலங்கை சுதந்திரம் பெற்றபோது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமயத்தவருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1972இல் அது போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையில் அது இன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது அரசு எல்லாச் சமயத்துக்கும் சமமாக இருக்கவேண்டும் என்று கேட்பவர்கள் நாம். கொழும்பை நோக்கி அப்படிக் கேட்டுவிட்டு, எம் ஊர்ப் பாடசாலையில் எம் சமயத்துக்கு உயிரியல் பாடத்தில் ஒரு நாற்காலி கேட்டால், முதற் கேள்வியின் குரல் அடைத்துவிடாதா? இதை நான் சைவருக்கும் சொல்கிறேன், கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் சொல்கிறேன்.

ஆசிரியர்கள் சிலர் கூட்டத்துக்கு முன் என்னிடம் கேட்டார்கள்: அத்தியாயத்தை முழுமையாகக் கற்பிக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து, "சேர், அப்படியென்றால் கடவுள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? என் வகுப்பிலும் கேட்டிருக்கிறார்கள். "நல்ல கேள்வி மகள். அதைக் கேட்பதற்கு உனக்கு வேறொரு பாடவேளையும் வேறோர் ஆசிரியரும் வீட்டிலே பெரியவர்களும் இருக்கிறார்கள். அங்கே கட்டாயம் கேள். இப்போது நெற்சப்பிப் படம் இருக்கும் பக்கத்தைத் திற" என்றேன். அவள் திறந்தாள். பக்கத்தில் இருந்தவளுக்குப் புத்தகம் இல்லை. இருவரும் ஒன்றாகப் பார்த்தார்கள்.