நீருக்கு உரியவன் ஒருவன்

(காரைக்குடி வட்டாரத்தில் நடந்த சமய நல்லிணக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மரியாதைக்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, அழைத்ததும் வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் நகரத்தார் பெருமக்களே, கோயில் காரியக்காரர்களே, பங்குத் தந்தை அவர்களே, இருமலோடும் தலைமை ஏற்க இசைந்த ஹஜ்ரத் அவர்களே, ஆச்சிமார்களே, தாய்மார்களே! அஸ்ஸலாமு அலைக்கும். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். பந்தியில் யாரையும் விடமாட்டோம்.

"இஸ்லாத்தில் இறைவன்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. அவனுடைய ஒருமை, அவனுடைய பண்புகள், அவன் வகுத்த விதி என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

ஒருமைக்குக் குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் போதும். நான்கே வசனம். அல்லாஹ் ஒருவன், எவரிடமும் தேவையற்றவன், யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை. பள்ளிவாசலில் படமோ சிலையோ இல்லாதது இதனால்தான். சுவரில் உள்ள மிஹ்ராப் மாடம் தொழும் திசை காட்டுவதற்கு மட்டும். அவனுக்கு இணைவைப்பது ஆகப் பெரிய பாவம். பிறர் பார்க்க வேண்டும் என்று வணக்கம் செய்வதைச் 'சிறிய இணைவைப்பு' என்றார்கள் நபிகள் நாயகம். தண்ணீர்க் குழாய் சாண் நீளம், நன்கொடையாளர் பெயர்ப்பலகை ஆள் உயரம் என்று வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்து பண்புகள். திருநாமங்கள் 99 என்பது நபிமொழி. அதில் அல்மலிக் என்ற ஒன்றை மட்டும் எடுக்கிறேன்: எல்லாவற்றையும் ஆளும் அரசன். நீரும் அவன் ஆட்சியில்தான். நீங்கள் குடிக்கும் நீரை மேகத்திலிருந்து இறக்கியது நீங்களா, நாமா என்று 56ஆம் அத்தியாயம் கேட்கிறது. நம் பெரியவர்கள் 'மாரியல்லது காரியமில்லை' என்றார்கள். மழை பொய்த்தால் மைதானத்தில் கூடி இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுது, இமாம் மேலாடையைப் புரட்டிப் போட்டு இறைஞ்சும் வழக்கம் உண்டு.

நீர் அவனுடையது என்றால் மனிதர் அதை எப்படிப் பகிர்வது? ஹிஜ்ரத் செய்தவர்கள், அதாவது மக்காவை விட்டு இடம்பெயர்ந்தவர்கள், மதீனா போய்ச் சேர்ந்தபோது நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. ரூமா என்றொரு கிணறு. உடையவர் நீரைக் காசுக்கு விற்றார். அதை வாங்கிப் பொதுவில் விடுபவருக்குச் சொர்க்கத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்றார்கள் நபிகள். நபித்தோழர் உஸ்மான் (ரலி) போய் விலை கேட்டார். முழுக் கிணற்றையும் தர மனமில்லை உடையவருக்கு. பாதி 12,000 திர்ஹத்துக்குப் பேச்சு முடிந்தது: ஒரு நாள் இவருக்கு, மறுநாள் அவருக்கு. உஸ்மான் தம் நாளில் இலவசம் என்றார். ஊரே வந்து இரண்டு நாளைக்கும் சேர்த்து மொண்டு போனது. மறுநாள் அந்த மனிதர் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தோல்பை கூட வரவில்லை! எத்தனை நாள் பொறுப்பார்? மிச்சத்தையும் நீரே வாங்கிக்கொள்ளும் என்று வந்து நின்றார். 8,000 திர்ஹம். பர்மாவிலும் மலேயாவிலும் பேரேடு எழுதிய ஊருக்கு, இரண்டாம் பாதி ஏன் மலிந்தது என்று நான் விளக்க வேண்டுமா?

தண்ணீரிலும் மேய்ச்சலிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவுக்கு நபிகள் எடுத்த நீர் ஒரு 'முத்து' என்ற அரபு அளவு. ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி சட்டப் பள்ளியின் கணக்கில் சற்றுக் கூடும். நாம் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத் தலைக்கு மஸஹு செய்கிறோம், அதாவது ஈரக் கையால் தடவுகிறோம். அந்த நேரத்து நீர் அத்தனையும் சாக்கடைக்கு. குவளையில் பிடித்துச் செய்யுங்கள். மூன்று முறைக்கு மேல் கழுவுவது வெறுக்கப்பட்டது.

இனி நம் ஊருணி. தெருவையும் கூரையையும் சரிவு பார்த்து அமைத்து, மழைநீரை வரத்துக்கால் வழியே ஊருணியில் சேர்த்த ஊர் இது. 'மாரியல்லது காரியமில்லை' என்பார்கள். மாரி வந்தும் கால் அடைத்திருந்தால்? தூர்வாரும் இயந்திரக்காரர் ஆழம் கூடினால் நல்லது என்று தோண்டுவார். விடாதீர்கள். மேலே படிந்த கரம்பை என்னும் வண்டல் மண்ணை மட்டும் எடுக்க வேண்டும். அடிக் களிமண் படுகையைக் கிழித்துச் சரளை தெரிந்துவிட்டால் நிறைந்த நீர் நாலு வாரம் நிற்காது. முதலில் வரத்துக்காலைத் திறந்து, அது ஊருணியில் விழும் இடத்துக்கு முன்னே வண்டல் குழி எடுங்கள். கழிவுநீர் இணைப்பு எது இருந்தாலும் துண்டியுங்கள். மிகைநீர் வெளியேறும் கலுங்கைச் சிமெண்டால் அடைத்தால் கரை உடையும். கரம்பை வயலுக்கு, காசு வாங்கக் கூடாது.

விதியைப் பற்றிப் பேச நேரமில்லை. ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்க்கிறார். வரும் ஞாயிறு சுப்ஹு எனும் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் மேலக்கரைப் படித்துறையில் கூடுகிறோம். வரத்துக்காலின் மட்டம் பார்க்க ரசமட்டக் குழாய் இருக்கிறது. மண்வெட்டியும் கூடையும் அவரவர் கொண்டுவர வேண்டும்.